அருணையில் ஒரு நாயின் படம்

திருவண்ணாமலைக்குச் செல்கிறவர்களின் கண் எப்பொழுதும் மேல் நோக்கியே இருக்கும். அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஊருக்குள் நுழைந்ததும் பதினொரு நிலைகளும் 217 அடி உயரமும் கொண்ட ராஜகோபுரம் நம்மை அண்ணாந்து பார்க்கச் செய்கிறது. அதற்குப் பின்னால், கோபுரத்தையும் சிறு பிள்ளையாக்கிக்கொண்டு மலை நிற்கிறது. செங்கம் சாலை வழியே ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் சென்று, சேஷாத்திரி சுவாமிகள் ஆசிரமத்தைக் கடந்து, ரமணாசிரமத்து வாயிலில் இறங்கினாலும் அதே கதைதான். முற்றத்தில் நிற்கும் பழைய இலுப்பை மரத்துக்கு அப்பால் மலையின் தென் சரிவு தெரிகிறது. யாத்திரிகர் கை குவிக்கிறார், கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். காலடியில் வழியை அடைத்துக்கொண்டு படுத்திருக்கும் நாயைப் பார்க்காமலே சுற்றிக்கொண்டு உள்ளே போகிறார்.

நாம் இம்முறை சென்றதே ஒரு நாயின் பொருட்டு. ஆசிரமத்துக்கு அருகே ஒரு சந்தில் குடியிருக்கும் நண்பர், "விடுமுறைக்கு வரும்போது மறவாமல் காமிராவை எடுத்து வாருங்கள், கறுப்பனை ஒரு படம் பிடிக்க வேண்டும்" என்று எழுதியிருந்தார். கறுப்பன் அவர் வீட்டு நாய். வயது பன்னிரண்டு. சிறுநீரகம் பழுதாகிவிட்டதென்றும், அதிக நாள் இராது என்றும் கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார். அதைக் குட்டியாகக் கிரிவலப் பாதையோரத்திலிருந்து பாவாடையில் சுருட்டி எடுத்து வந்தவள் நண்பரின் மகள். அவளோ தை பிறந்ததும் சிங்கப்பூருக்கு உத்தியோகத்துக்குப் போகிறாள். அடுத்த முறை அவள் வரும்போது கறுப்பன் இருக்கமாட்டான் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. படம் வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள்.

நாய்க்குப் படம் எடுக்க இந்த ஊரைவிடப் பொருத்தமான ஊர் உண்டா என்பது சந்தேகமே. ஆசிரம வளாகத்துக்குள்ளேயே நான்கு சிறு சமாதிகள் இருக்கின்றன. 1948-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் தேதி மறைந்த லட்சுமி என்னும் பசுவுக்கு ஒன்று. ஒரு மானுக்கு ஒன்று. ஒரு காக்கைக்கு ஒன்று. ஜாக்கி என்ற நாய்க்கு ஒன்று. பசுவுக்குச் சமாதி என்றால் நம்மவர் தலையசைப்பர். நாய்க்கு என்றால் சற்றே புருவம் உயரும். பைரவருக்கு நாய் வாகனம், தருமபுத்திரரோடு கடைசிவரை நடந்தது நாய் என்றெல்லாம் புராணம் படிப்போம்; ஆனால் வாசற்படி தாண்டி உள்ளே வந்துவிட்டால் துடைப்பத்தைத் தேடுவோம்.

மகரிஷி விரூபாக்ஷ குகையில் வசித்தது 1899 முதல் 1916 வரை. அக்காலத்து நாய்களைப் பற்றி 1931-இல் வெளிவந்த பி. வி. நரசிம்ம சுவாமியின் நூலிலும், பின்னர் ஆர்தர் ஆஸ்பர்ன் எழுதிய சரித்திரத்திலும் விரிவாகக் காணலாம். அவற்றுள் நம் உள்ளத்தைக் கவர்ந்தவன் சின்னக் கறுப்பன். உடல் முழுவதும் கறுப்பு. மனிதரை அண்டாமல், குகையில் இருப்போர் நடமாடும்போது புதருக்கு மேல் தலையை மட்டும் நீட்டிப் பார்ப்பானாம். அவனுடைய வைராக்கியத்தை மதித்து, அவன் இருக்கும் இடத்துக்கு அருகில் உணவை வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். கூப்பிடவுமில்லை, பிடிக்கவுமில்லை. இவ்வாறு நாட்கள் சென்றன. பிறகு ஒரு நாள் மலைமேல் ஏறிக்கொண்டிருந்தபோது அவனே குறுக்கே பாய்ந்து வந்து, வாலைக் குழைத்துக்கொண்டு மகரிஷியின் மேல் விழுந்து விளையாடினான். அன்று முதல் குகைவாசிகளுள் ஒருவனானான். அவன் முடிவு சோகமானது. ஒரு நாள், குகைக்கு அருகே மந்திரம் ஜபித்துக்கொண்டிருந்த ஒருவர் தம்மிடம் நெருங்கி வந்த அவனைத் தடியால் அடித்துவிட்டார். அலறிக்கொண்டு ஓடியவன் பிறகு திரும்பி வரவேயில்லை.

கந்தாசிரமத்துக் கமலாவின் கதை இவ்வளவு துயரமானதன்று. பெண் நாய், ஆண்டுதோறும் குட்டி போட்டு ஆசிரமத்தை நிரப்பிவிடும் என்று பயந்து விரட்டிப் பார்த்தார்கள், அவள் போகவில்லை. முதற் பிரசவம் ஆனபோது அவளைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமம் இட்டு, சுத்தமான இடம் கொடுத்தார்கள். பத்தாம் நாள் புண்ணியாகவாசனமும் விருந்தும் நடந்தன! புதிதாக வருபவர்களுக்கு மலையைச் சுற்றிக் காட்டும்படி மகரிஷி கமலாவிடம் சொல்வது வழக்கம். அவளும் ஒவ்வொரு சந்நிதியாக, ஒவ்வொரு தீர்த்தமாக அழைத்துச் சென்று காட்டிவிட்டுத் திரும்புவாளாம். இன்று பேருந்து நிலையத்தில் நம் கையைப் பிடித்து இழுக்கும் வழிகாட்டிகளை நினைத்துப் பார்த்தோம். கமலா கூலியும் கேட்டிருக்க மாட்டாள்.

ஜாக்கியோ வேறு விதம். பிற நாய்களோடு சேரமாட்டான், விளையாடமாட்டான். அன்பர் ஒருவர் கொடுத்த காவித் துணியின்மேல் மகரிஷிக்கு எதிரே உட்கார்ந்து, அவர் கண்களையே பார்த்துக்கொண்டிருப்பான். இந்தப் பார்வையைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெயர்களில் ஒரு வேடிக்கை. கமலா, நீலா, கறுப்பன் என்பவற்றோடு ஜாக்கி, ரோஸ் என்ற பெயர்களும் அந்த மலையில் வழங்கின. ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் அறியாத வீட்டிலும் நாய்க்கு மட்டும் டாமி, ஜிம்மி என்று பெயரிடும் நம் தேசத்து வழக்கம் துறவிகளின் குகைவரை ஏறியிருக்கிறது! கதர் கட்டியவர் வீட்டு நாய்கூடச் சுதேசிப் பெயருக்குத் திரும்பிப் பார்க்காது. நண்பர் குறைந்தபட்சம் கறுப்பன் என்று பெயர் வைத்தாரே என்று மகிழ்ந்தோம்.

பள்ளிக்கூடத்தில் இலக்கணம் கற்பிப்பவர்களுக்கு இங்கே ஒரு சங்கடம் எழுகிறது. நன்னூல் மனிதரையும் தேவரையும் நரகரையும் உயர்திணையில் சேர்த்துக்கொண்டு, ஏனைய உயிர்களை எல்லாம் கல்லோடும் மண்ணோடும் அஃறிணையில் வைக்கிறது. மகரிஷியோ எந்தப் பிராணியையும் 'அது' என்று சொன்னதில்லை என்று அருகிலிருந்தோர் எழுதியிருக்கிறார்கள். அவருக்கு நாய்கள் எல்லாம் 'பையன்கள்'. பையன்களுக்குச் சோறு போட்டாயிற்றா என்று அவர் கேட்டால், கேள்வி நாய்களைப் பற்றியது. முதலில் நாய்கள், அடுத்துப் பிச்சைக்காரர்கள், அதற்குப் பிறகே அன்பர்கள் என்பது அவர் வைத்த பந்தி வரிசை. நன்னூலாரும் இரக்கமற்றவர் அல்லர். மகிழ்ச்சி மிகுந்தால் அஃறிணையை உயர்திணையாகச் சொல்லலாம் என்று வழுவமைதி வகுத்திருக்கிறார். ஒருவன் தன் பசுவை அம்மை என்று அழைப்பதை அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வதுண்டு. ஆகவே இக்கட்டுரையில் நாயை நாம் 'அவன்' என்றும் 'அவள்' என்றும் எழுதுவதைத் திருத்தும்பொருட்டு மாணவர் எவரும் சிவப்பு மையைத் தேட வேண்டாம்.

படம் பிடிப்பவர்களுக்கும் இது பழகிய தலம். டாக்டர் டி. என். கிருஷ்ணசுவாமி என்ற சென்னை மருத்துவர் பல ஆண்டுகள் வந்து வந்து மகரிஷியைப் படம் எடுத்தார். பெங்களூர் வெல்லிங் 1946-இல் எடுத்த மார்பளவுப் படம் இன்று எத்தனையோ வீடுகளின் பூஜையறையில் இருக்கிறது. 1950 ஏப்ரலில் மகரிஷியின் இறுதி நாட்களில், உலகப் புகழ் பெற்ற பிரெஞ்சுக்காரரான கார்த்தியே-பிரெஸ்ஸோன் தம் சிறு காமிராவுடன் இங்கே இருந்தார். லட்சுமிப் பசுவோடு மகரிஷி நிற்கும் படமும் உண்டு. இந்தப் பரம்பரையில் நம்மைச் சேர்த்துக்கொள்ளும் துணிவு நமக்கு இல்லை. ஆசிரமத்துக்குள் காமிராவையும் கறுப்பனையும் கொண்டு போகவுமில்லை. கண்ணை மூடி மௌனமாக உட்கார்ந்திருப்பவர்களின் நடுவே 'கிளிக்' என்ற ஓசை ஏற்றதன்று. நாம் படம் எடுத்தது வெளியே, தெருவிலும் வேலியோரத்திலும்தான்.

முதல் நாள் நண்பர் கறுப்பனை விடியற்காலையில் வெந்நீரில் குளிப்பாட்டி, துவட்டி, பொட்டு வைத்து, கழுத்தில் சாமந்தி மாலையும் போட்டு அழைத்து வந்தார். வீட்டுக்கு எதிரே இருந்த கல் பெஞ்சின்மேல் ஏற்றினார். அங்கிருந்து வடக்கே மலை முழுவதும் தெரியும். மார்கழி மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், தென் சரிவின்மேல் காலையிலும் மாலையிலும் வெளிச்சம் நேராக விழுகிறது. மலையைப் பின்னணியாக வைத்து எடுப்பவர்களுக்கு அதைவிட நல்ல பருவம் இல்லை. எல்லாம் சரிதான், கறுப்பன் மட்டும் சரியாக இல்லை. கொட்டாவி விட்டான். நாக்கால் மூக்கை நக்கினான். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டான். "நேராகப் பார், நேராகப் பார்!" என்று நண்பர் அதட்ட அதட்ட, காதுகள் இன்னும் பின்னால் மடிந்தன. தூக்கம் வந்தால்தான் நாய் கொட்டாவி விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று. மனம் கலங்கினாலும் விடும். மூக்கை நக்குவதும் முகத்தைத் திருப்புவதும் அதே கலக்கத்தின் அடையாளங்கள்தாம். நண்பர் விருப்பப்படி சில படங்கள் எடுத்தோம். மாலையும் மலையும் அழகாக விழுந்தன. நடுவில் ஒரு குற்றவாளி உட்கார்ந்திருந்தான்.

இரண்டாம் நாள் கறுப்பனை எங்கும் நிறுத்துவதில்லை என்று நண்பரிடம் உறுதி வாங்கிக்கொண்டு, அவன் போகும் வழியே நாமும் போனோம். பன்னிரண்டு வயதிலும் அவனுக்கு ஒரு நித்திய கருமம் இருக்கிறது. ஆறரை மணிக்குச் சந்திலிருந்து வெளிப்பட்டு, முள்வேலியை ஒட்டி மெல்ல நடந்து, சாலையோரத்துத் தேநீர்க் கடை வாசலில் போய் நிற்பான். அங்கே கண்ணாடி ஜாடியில் அவனுக்கென்று பொறை காத்திருக்கிறது. கடைக்காரர் பாய்லரிலிருந்து தலையைத் தூக்காமலே, "வந்துட்டாரா? என்னா, இன்னைக்கு லேட்டு?" என்று விசாரித்தார். மகரிஷி 'அவன்' என்றதற்கே நாம் நன்னூலைப் புரட்டினோம். இவர் மரியாதைப் பன்மையில் பேசுகிறார்!

அங்கே கூடும் மற்ற நாய்களுக்கு வீடு கிடையாது. பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் வெள்ளம்போல் ஜனங்கள் வருகிறார்கள். ஜனங்களோடு வண்டிகளும் வருகின்றன. அடிபட்ட நாய்களைக் கொண்டு சேர்க்க இவ்வூரில் ஒரு பிராணிகள் காப்பகம் இருப்பது ஆறுதல். கறுப்பனும் பிறப்பால் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவனே. 2005-இல் தபால் இலாகா இந்திய நாய் இனங்கள் நான்கிற்குத் தபால் தலை வெளியிட்டபோது நம் ராஜபாளையத்துக்கும் அந்த கௌரவம் கிடைத்தது. கறுப்பன் போன்ற தெரு வம்சத்தாருக்குத் தேநீர்க் கடைப் பொறைதான் பட்டயம்.

கறுப்பு நாயைப் படம் எடுப்பதில் உள்ள தொல்லையைக் காமிரா வைத்திருக்கும் நேயர்கள் அறிவார்கள். ஒளியை அளந்து சொல்லும் கருவி உலகத்தில் எல்லாமே நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நம்பும் அப்பாவி. சட்டம் முழுவதும் கறுப்பு நாய் நிறைந்திருந்தால், 'ஐயோ, இருட்டு!' என்று அளவுக்கு மீறி ஒளியை உள்ளே விட்டு, கறுப்பனைச் சாம்பல் பூசிய சந்நியாசி ஆக்கிவிடும். அதே நாய் வெளிறிய வானத்தின் முன்னே சிறிதாக நின்றால், வானத்தைப் பார்த்து மயங்கி நாயைக் கரிக்கட்டை ஆக்கிவிடும். முன்னதற்கு ஒளியைக் குறைக்க வேண்டும். பின்னதற்குக் கூட்ட வேண்டும். வெயில் ஏறுமுன், பக்கவாட்டில் விழும் மெல்லிய வெளிச்சத்தில் எடுத்தால்தான் ரோமத்தின் ஒவ்வொரு இழையும் பிரிந்து தெரியும். மோவாயில் நரைத்திருப்பதும் தெரியும். ஓடும் நாயை நிறுத்த ஐந்நூற்றில் ஒரு விநாடி வேண்டும். கறுப்பன் இப்பொழுது ஓடுவதில்லை. நூற்றிருபத்தைந்தில் ஒரு விநாடியே போதுமானதாக இருந்தது. வெயில் ஏறி இளைக்கத் தொடங்கிவிட்டால் மட்டும் உடம்பே குலுங்கும். அதற்குள் முடித்துவிட வேண்டும்.

இவற்றைவிட முக்கியம், நாம் எங்கே இருக்கிறோம் என்பது. நின்றுகொண்டு எடுத்தால் நாயின் முதுகும் மண்டையும்தான் விழும். எஜமானர்கள் தினமும் காணும் காட்சி அது. அவன் கண்ணுக்கு நேராக நம் கண் இறங்க வேண்டும். ஆகவே நாம் சாலையோரப் புழுதியில் குப்புறப் படுத்தோம். வேறு ஊராயிருந்தால் கூட்டம் கூடியிருக்கும். அன்று அதிகாலையில் வலம் வந்துகொண்டிருந்த மூதாட்டி ஒருவர் நம் அருகே நின்று, தலைமாட்டில் இருந்த மலையையும் நம்மையும் மாறி மாறிப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். திருவண்ணாமலையில் ஒருவன் தரையில் விழுந்து கிடந்தால் காரணம் கேட்பாரில்லை.

அன்றைய படங்களில் கறுப்பன் கறுப்பனாகவே இருந்தான். பொறை தின்றான்; வேலியை மோந்தான்; ஒரு மயிலைக் கண்டும் காணாததுபோல் போனான். நண்பரின் மகள் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "நன்றாக இருக்கின்றன, மாமா. ஆனால் இதில் எதிலும் அவன் என்னைப் பார்க்கவில்லையே" என்றாள்.

அந்தச் சொல் நமக்கு ஒரு வழியைக் காட்டிற்று. நாய்களுக்குள் உற்றுப் பார்ப்பது சண்டைக்கு அழைப்பது. காமிராவின் கண்ணாடியோ இமைக்காத பெரிய கண். அந்நியன் முகத்தில் ஒட்டியிருக்கும் கண். அதை எந்த நாய் விரும்பும்? ஆனால் தன் மனிதர்களின் பார்வை நாய்க்கு வேறு. 2015-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்து வெளியிட்டார்கள். நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தாய்க்கும் சேய்க்கும் இடையே பிணைப்பை உண்டாக்கும் ஆக்ஸிடோசின் என்னும் சுரப்பு இருவரிடத்தும் கூடுகிறதாம். வளர்க்கப்பட்ட ஓநாய்களிடம் இப்படி நேரவில்லை. காவித் துணிமேல் உட்கார்ந்திருந்த ஜாக்கியை நாம் நினைத்துக்கொண்டோம். அவனுடைய பார்வையை ஆராய்ச்சிக் கூடத்தில் அளந்துவிட முடியும் என்று நாம் சொல்லவில்லை. நாய் ஒருவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்காருவது சிறிய விஷயமன்று என்றுதான் சொல்கிறோம். கிராமபோன் காலத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ் இசைத் தட்டில் குழாயருகே தலை சாய்த்திருக்கும் நிப்பரை நினைவிருக்கும். 1895-இல் அந்த நாய் இறந்த பிறகுதான் அந்தச் சித்திரம் எழுதப்பட்டது. அங்கே ஒரு குரலுக்காக நாய் காத்திருக்கிறது. இங்கே ஒரு முகம் தேவைப்பட்டது.

மூன்றாம் நாள் காலை, வேப்ப மரத்தடியில் நாம் முன்போலவே படுத்துக்கொண்டோம். மகளை நம் தோளுக்கு ஒட்டினாற்போல் தரையில் உட்கார வைத்தோம். கூப்பிட வேண்டாம், கையில் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டாம், சும்மா இருந்தால் போதும் என்று சொன்னோம். கறுப்பன் முதலில் சுற்றி வந்தான். காமிராவை மோந்து பார்த்து ஒரு தும்மல் போட்டான். பிறகு இரண்டு முழ தூரத்தில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்தான். கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. நமக்கு முழங்கையில் கல் குத்திற்று. சாலையில் பேருந்து ஒன்று அலறிக்கொண்டு போயிற்று. அவள் வாய் திறக்கவில்லை. அப்பொழுது அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். ஒரு கண்ணில் பால் படிந்ததுபோல் இலேசாகப் படலம் விழுந்திருக்கிறது. அந்தக் கண்ணாலும் பார்த்தான். கறுப்பு முகத்தில் மூக்கு முன்னே நிற்பதால் காமிரா அதைத்தான் பற்றிக்கொள்ள விரும்பும்; நாம் கண்ணைப் பற்றினோம். ஆறு முறை அழுத்தினோம். ஏழாவது முறைக்குள் அவன் எழுந்து வந்து அவள் மடியில் மோவாயை வைத்துவிட்டான். அதற்குமேல் படம் எடுக்க நமக்கு மனம் வரவில்லை. அவளும் அப்பொழுது முகத்தை மறைத்துக்கொண்டிருந்தாள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, தெளிவான கண்ணின் கருமணியில் வேப்பங்கிளைகளுக்கு இடையே சிறு வானமும், அதன் ஓரத்தில் ஒரு பெண்ணின் உருவமும் புள்ளியாகத் தெரிந்தன.

நண்பருக்கு அந்தப் படம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "மலை எங்கே ஸார்?" என்று கேட்டார். மலை அதில் இல்லைதான். தரையில் படுத்து, இரண்டு முழ தூரத்தில் எடுத்த படத்தில் மலைக்கு இடமில்லை. அவர் முதல் நாள் படத்தையே பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். மாலையும் மலையும் இருப்பதால் வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பாராட்டுகிறார்களாம். மூன்றாம் நாள் படத்தை மகள் உள்ளங்கை அளவில் அச்சிட்டுப் பணப்பைக்குள் வைத்துக்கொண்டு சிங்கப்பூருக்குப் போய்விட்டாள். பொறை தின்னும் படத்தைத் தேநீர்க் கடைக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டு, ஜாடிக்குப் பின்னால் சுவரில் ஒட்டிவிட்டார்.

சென்ற வாரம் நண்பரிடமிருந்து கடிதம் வந்தது. கறுப்பன் இன்னும் காலையில் கடைக்குப் போய் வருகிறான். பொறையை இப்பொழுது பாலில் நனைத்துக் கொடுத்தால்தான் தின்கிறானாம்.